நுண்ணலை கண்ட பேரறிஞர்

திருவிழா நாளில் முழங்கும் பெருமுரசின் ஒலி அடுத்த ஊர்வரை சென்று எட்டும். அதனருகிலேயே ஒலிக்கும் சலங்கையின் ஓசையோ தெருக்கோடியைத் தாண்டுவதில்லை. தாழ்ந்த ஒலி சுவரையும் தோப்பையும் சுற்றி வளைத்துக்கொண்டு செல்லும் இயல்புடையது. கூரிய ஒலி இடைவழியிலேயே தேய்ந்து மறையும் இயல்புடையது. ஒலிக்கு உள்ள இவ்வியல்பு, கண்ணுக்குப் புலனாகாத மின்காந்த அலைகளுக்கும் ஓரளவு பொருந்தும். நீண்ட அலைகள் நெடுந்தொலைவு செல்லும். குறுகிய அலைகள் அத்துணைத் தொலைவு செல்லா. ஆயினும், நீண்ட அலைகளால் சுமக்க இயலாத அளவு செய்திகளைச் சுமந்து செல்லும் வாய்ப்பு அவற்றுக்கு உண்டு. இன்று ஊர்தோறும் உயர்ந்து நிற்கும் கைப்பேசிக் கோபுரங்கள் இவ்விருவகை அலைகளையும் இடமறிந்து பயன்படுத்தியே மக்களுக்குப் பணிபுரிகின்றன.

கம்பியில்லாச் செய்தி பிறந்த காலத்தில் உலகம் நீண்ட அலைகளையே பெரிதும் நாடியது. அந்நாளில், கல்கத்தா நகரத்துக் கல்லூரி ஒன்றின் சிற்றறையில் இருந்துகொண்டு, பலரும் பொருட்படுத்தாத மிகக் குறுகிய அலைகளை ஆராய்ந்து, அவற்றின் இயல்புகளை ஐயத்திற்கு இடமின்றி மெய்ப்பித்துக் காட்டினார் ஒருவர். அவரே ஜகதீச சந்திர போஸ். செடிகொடிகளின் உணர்ச்சியை ஆராய்ந்தவர் என்றே அவரைப் பலரும் அறிவர். அதற்கு முன்னரே அவர் ஆற்றிய அலை ஆராய்ச்சி, நூறாண்டுகளுக்குப் பின் வந்த ஒரு தேவைக்கு முன்னோடியாய் அமைந்தது.

பிறப்பும் இளமையும்

போஸ் 1858-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 30-ஆம் நாள் கிழக்கு வங்காளத்தில் பிறந்தார். அப்பகுதி இன்று வங்காள தேசத்தில் உள்ளது. தந்தையார் பகவான் சந்திர போஸ், தாயார் பாமாசுந்தரி. தந்தையார் பரீத்பூரில் துணை மாஜிஸ்திரேட்டாகப் பதவி வகித்தவர். அந்நாளில் உயர் பதவியில் இருந்தோர் தம் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புவதையே பெருமையாகக் கருதினர். பகவான் சந்திரரோ தம் மைந்தனைத் தாய்மொழிப் பள்ளிக்கே அனுப்பினார். தாய்மொழியை நன்கு கற்று, தம் நாட்டு எளிய மக்களோடு கலந்து பழகிய பின்னரே பிறமொழி கற்றல் வேண்டும் என்பது அவர்தம் கொள்கை.

அப்பள்ளியில் சிறுவன் ஜகதீசனின் ஒருபுறம் தந்தையாரின் ஏவலரான முஸ்லிம் ஒருவரின் மகனும், மறுபுறம் மீனவர் ஒருவரின் மகனும் அமர்ந்திருந்தனர். பறவைகளைப் பற்றியும் விலங்குகளைப் பற்றியும் நீர்வாழ் உயிர்களைப் பற்றியும் அவர்கள் கூறிய கதைகளை அச்சிறுவன் வியப்போடு கேட்டான். இயற்கையை உற்றுநோக்கும் பழக்கம் அவன் உள்ளத்தில் அங்கே வேரூன்றியது. உழைப்பவரைத் தாழ்வாக எண்ணாத பண்பும் அங்கேயே வளர்ந்தது.

கல்வி

பின்னர்ப் போஸ் கல்கத்தா சென்று, ஹேர் பள்ளியிலும் புனித சவேரியார் பள்ளியிலும் பயின்றார். தொடர்ந்து புனித சவேரியார் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே பௌதிகம் கற்பித்த லாபோன் பாதிரியார், பாடங்களைச் சொல்லால் மட்டுமன்றிச் செய்முறைச் சோதனைகளாலும் விளக்குவதில் வல்லவர். மாணவரின் அறிவியல் ஆர்வம் அவரால் வளர்ந்தது. 1879-ஆம் ஆண்டு போஸ் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் பி.ஏ. பட்டம் பெற்றார்.

1880-ஆம் ஆண்டு அவர் இங்கிலாந்து சென்று, லண்டனில் மருத்துவம் கற்கத் தொடங்கினார். ஆயின், உடல்நலக் குறைவால் அப்படிப்பைத் தொடர இயலவில்லை. எனவே கேம்பிரிட்ஜ் சென்று, கிறைஸ்து கல்லூரியில் இயற்கை அறிவியல் பயின்றார். அங்கு அவருக்கு ஆசானாக வாய்த்தவர்களுள் ராலே பிரபு தலைசிறந்தவர். அலைகளின் இயல்பை ஆழ்ந்து ஆராய்ந்த அப்பெருமகனாரிடம் கற்றது போஸுக்குப் பிற்காலத்தில் பெரிதும் பயன்பட்டது. 1884-ஆம் ஆண்டில் அவர் கேம்பிரிட்ஜில் பட்டம் பெற்றார். லண்டன் பல்கலைக்கழகத்தின் அறிவியல் பட்டத்தையும் பெற்றார்.

பதவியும் தன்மானமும்

1885-ஆம் ஆண்டு தாயகம் திரும்பிய போஸ், கல்கத்தாவிலுள்ள மாநிலக் கல்லூரியில் பௌதிகப் பேராசிரியராக அமர்ந்தார். அக்காலத்தில் ஒரே பதவியில் இருந்த ஐரோப்பியர் பெற்ற சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கே இந்தியருக்கு அளிக்கப்பட்டது. போஸின் பதவி தற்காலிகமானது என்பதால் அதுவும் பாதியாகக் குறைக்கப்பட்டது. ஒத்த கல்வியும் ஒத்த உழைப்பும் உடையவருக்கு மூன்றில் ஒரு பங்கு ஊதியமே கிடைக்கும் நிலை ஏற்பட்டது.

போஸ் இதற்கு உடன்படவில்லை. உரத்த குரலில் வாதிடவுமில்லை. பணியைத் துறந்து செல்லவுமில்லை. நாள்தோறும் தவறாது வகுப்பிற்குச் சென்று பாடம் நடத்தினார். திங்கள்தோறும் வந்த சம்பளத்தை மட்டும் ஏற்க மறுத்தார். இவ்வாறு மூன்று ஆண்டுகள் கழிந்தன. தொழில் முயற்சிகளில் பொருளிழந்த தந்தையார்க்குப் பெருங்கடன் இருந்தது. 1887-ஆம் ஆண்டு போஸுக்குத் திருமணமும் நடைபெற்றது. மனைவியாராகிய அபலா அம்மையார், சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து மருத்துவம் பயின்றவர். கணவரின் உறுதியை நன்கறிந்த அவ்வம்மையார், வறுமையைப் பொறுமையுடன் பகிர்ந்துகொண்டார்.

இறுதியில் கல்லூரித் தலைவரும் கல்வித் துறையினரும் போஸின் தகுதியை உணர்ந்தனர். அவருடைய பதவி நிலையாக்கப்பட்டது. தொடக்க நாள்முதற்கொண்டு முழுச் சம்பளமும் ஒருசேர வழங்கப்பட்டது. அப்பணத்தைக் கொண்டு அவர் செய்த முதற்செயல் தந்தையாரின் கடனைத் தீர்த்ததேயாகும்.

சிற்றறையில் ஓர் ஆராய்ச்சிக்கூடம்

மின்சாரமும் காந்தமும் இணைந்து அலைகளாய் வெளியெங்கும் பரவக்கூடும் என்பதை 1860-களில் மாக்ஸ்வெல் என்னும் அறிஞர் கணித வாயிலாகக் கூறியிருந்தார். ஒளியும் அத்தகையதோர் அலையே என்பது அவர் முடிபு. 1887, 1888-ஆம் ஆண்டுகளில் ஜெர்மானிய அறிஞர் ஹெர்ட்ஸ், மின்பொறியிலிருந்து அவ்வலைகளை உண்டாக்கிக் காட்டினார். அவர் பயன்படுத்திய அலைகள் பல மீட்டர் நீளமுடையன. மிகக் குறுகியவையும் அரை மீட்டருக்கு மேற்பட்டன. ஹெர்ட்ஸ் 1894-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இளவயதிலேயே மறைந்தார். அவர் விட்டுச்சென்ற பணியைப் பற்றி ஆலிவர் லாட்ஜ் என்பார் எழுதியதைப் படித்த போஸ், தாமும் அத்துறையில் ஈடுபட விழைந்தார்.

அவ்வாண்டு நவம்பர் 30-ஆம் நாள் அவருக்கு முப்பத்தாறு வயது நிறைவுற்றது. எஞ்சிய வாழ்நாளை ஆராய்ச்சிக்கே அளிப்பதென அன்று அவர் உறுதி பூண்டார். ஆனால் கல்லூரியில் ஆராய்ச்சிக்கென ஓர் இடமும் இல்லை, கருவிகளும் இல்லை, பொருளுதவியும் இல்லை. 24 சதுர அடியே பரப்புள்ள ஒரு சிற்றறையை அவர் தம் ஆராய்ச்சிக்கூடமாக்கிக் கொண்டார். தகர வேலை செய்யும் தொழிலாளி ஒருவரைப் பழக்கி, அவர் கைத்திறனால் தமக்கு வேண்டிய கருவிகளைச் செய்வித்துக்கொண்டார். வகுப்பு வேலையில் குறைவு நேராதபடி, ஓய்வு நேரத்திலேயே சோதனைகளை நடத்தினார்.

குறுகிய அலைகளை நாடிய காரணம்

மின்காந்த அலையும் ஒளியும் ஓரினம் என்றால், ஒளி செய்வனவற்றையெல்லாம் அவ்வலையும் செய்தல் வேண்டும். ஆடியில் பட்டுத் திரும்புதல் வேண்டும். பட்டகத்தில் புகுந்து வளைதல் வேண்டும். வில்லையால் ஒருங்கு குவிதல் வேண்டும். இதனைப் பல மீட்டர் நீளமுள்ள அலைகளைக் கொண்டு சோதிப்பது எளிதன்று. அலையைவிடக் கருவி பெரிதாய் இருந்தாலன்றி, அலை அதனைச் சுற்றி வளைத்துச் சென்றுவிடும். நீண்ட அலைகளுக்கு வீட்டளவு பட்டகங்களும் வில்லைகளும் வேண்டியிருக்கும். அலை சுருங்கினால் கருவியும் சுருங்கும். இவ்வுண்மையை உணர்ந்த போஸ், அலையையே சுருக்கத் துணிந்தார்.

இத்தாலி நாட்டு ரீகி, ரஷ்ய நாட்டு லெபெதெவ் ஆகிய அறிஞர்களும் அக்காலத்தில் இவ்வழியில் முயன்றனர். போஸ் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் நீளமுள்ள அலைகளையும் உண்டாக்கினார். ஓர் அரிசிமணியின் நீளத்தை ஒத்த அலை அது. வினாடிக்கு 6,000 கோடி முறை அதிரும் அலை என்றும் அதனைக் கூறலாம். வினாடிக்கு ஒரு முறை அதிர்வதை ஒரு ஹெர்ட்ஸ் என்றும், நூறு கோடி முறை அதிர்வதை ஒரு கிகாஹெர்ட்ஸ் என்றும் இன்று வழங்குவர். அக்கணக்கில் போஸின் அலை 60 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண் உடையது. அலையின் நீளம் குறையக் குறைய அதன் அதிர்வெண் மிகும் என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

அவருடைய கருவித் தொகுதி ஒரு சிறு மேசைமேல் அடங்கிவிட்டது. மின்பொறி எழுப்பும் அலைகளை அவர் உலோகக் குழாயின் வழியே செலுத்தினார். அவ்வலைகளை ஏற்பதற்குக் கூம்புபோல் விரிந்த வாயை அமைத்தார். கந்தகத்தால் பட்டகமும் வில்லையும் வார்த்தார். புத்தகத்தின் ஏடுகளுக்கிடையே வெள்ளீயத் தகட்டுத் தாள்களை வைத்து, அலையின் அதிர்வைத் திசைப்படுத்தும் கருவியாக்கினார். முறுக்கிய சணலையும் அவ்வகை ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தினார். எளிய பொருள்களைக் கொண்டு நுட்பமான அளவைகளைச் செய்தார். 1895-ஆம் ஆண்டு மே மாதம் அவருடைய முதல் ஆராய்ச்சிக் கட்டுரை வங்காள ஆசியக் கழகத்தில் படிக்கப்பெற்றது.

நகர மண்டபத்தில் ஒரு காட்சி

1895-ஆம் ஆண்டு கல்கத்தா நகர மண்டபத்தில் போஸ் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். மாகாணத் துணை ஆளுநர் தலைமை தாங்கினார். மேடையிலிருந்து எழுந்த அலைகள் தலைவரின் உடலையும் இடையிலிருந்த சுவர்களையும் கடந்து, 75 அடி தொலைவிலிருந்த மற்றோர் அறையை அடைந்தன. அங்கே மணி ஒலித்தது, வெடிமருந்து வெடித்தது. இடையே கம்பி ஏதும் இல்லை. கூடியிருந்தோர் பெருவியப்புற்றனர்.

1896-ஆம் ஆண்டு லண்டன் பல்கலைக்கழகம் அவருக்கு அறிவியல் அறிஞர் பட்டம் அளித்தது. அவ்வாண்டே அவர் இங்கிலாந்து சென்று, லிவர்பூலில் கூடிய பிரிட்டிஷ் அறிவியல் சங்கத்தின் முன் தம் கருவிகளை இயக்கிக் காட்டினார். முதுபெரும் விஞ்ஞானியான கெல்வின் பிரபு அவரைப் பாராட்டினார். 1897-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் லண்டன் ராயல் நிறுவனத்தின் புகழ்பெற்ற வெள்ளிக்கிழமை மாலைச் சொற்பொழிவை நிகழ்த்தும் பெருமையும் அவருக்குக் கிட்டியது.

இருவர், இருவழி

அவ்வாண்டுகளில் இங்கிலாந்தில் மற்றோர் இளைஞரும் மின்காந்த அலைகளோடு போராடிக்கொண்டிருந்தார். அவர் இத்தாலியிலிருந்து வந்த மார்க்கோனி. இருவரும் ஒரே பொருளைக் கையாண்டனரேனும் இருவர் நோக்கமும் வேறு. செய்தியைத் தொலைவிற்கு அனுப்புதலே மார்க்கோனியின் நோக்கம். ஆகவே அவர் உயர்ந்த கம்பங்களை நாட்டி, மேலும் மேலும் நீண்ட அலைகளை நாடிச் சென்றார். 1901-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள் அவருடைய குறியொலி அட்லாண்டிக் மாகடலைக் கடந்தது. அப்போது அவர் பயன்படுத்திய அலைகள் பல நூறு மீட்டர் நீளமுடையவை. கம்பியில்லாத் தந்திப் பணிக்காக 1909-ஆம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பிரவுன் என்னும் அறிஞர் அப்பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

போஸின் நோக்கமோ அலையின் இயல்பை அறிவதே. தொலைவை அவர் தேடவில்லை. கடலில் செல்லும் கப்பலுக்கு மில்லிமீட்டர் அலையால் அன்று யாதொரு பயனும் இல்லை. 10 மீட்டர் முதல் 100 மீட்டர்வரை நீளமுள்ள அலைகள் வானின் மேலடுக்கில் பட்டுத் திரும்பித் தொலைநாடுகளை எட்டக்கூடும் என்பது பின்னாளில் கண்டறியப்பட்டது. மில்லிமீட்டர் அலைகளுக்கு அவ்வழியும் இல்லை. மேலும், 5 மில்லிமீட்டர் அலையைக் காற்றிலுள்ள பிராணவாயுவே உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே வாணிகம் செய்வோர் நீண்ட அலைகளின் பின்னே சென்றனர். போஸின் கருவிகள் கல்கத்தாவில் காட்சிப் பொருள்களாய் அமைந்தன.

பொருளாசை வெல்லாத உள்ளம்

அலைகளை உணர்ந்தறியும் கருவிகளையும் போஸ் பலவாறு திருத்தி அமைத்தார். அவற்றுள் ஒன்று கலீனா என்னும் ஈயத்தாதுப் பளிங்கால் ஆனது. இத்தகைய பளிங்கை உடைய வானொலிப் பெட்டிகள் பிற்காலத்தில் வீடுகளில் பரவின. 1901-ஆம் ஆண்டு லண்டனில், தந்தித் தொழிலில் ஈடுபட்ட செல்வர் ஒருவர் போஸை அணுகி, கண்டுபிடிப்பிற்கு உரிமைப் பட்டயம் பெற்று வருவாயைப் பகிர்ந்துகொள்ளலாம் என வேண்டினார். போஸ் மறுத்துவிட்டார். அறிவு விலைப்பொருளன்று என்பதும், ஒருமுறை பொருளாசையில் சிக்கினால் மீள்வது அரிது என்பதும் அவர் எண்ணம்.

நண்பர்களோ அவருடைய உரிமை பிறர் கையில் சிக்கிவிடும் என்று அஞ்சினர். நலம் நாடிய சாரா புல் அம்மையாரின் வற்புறுத்தலால் அமெரிக்காவில் ஒரு விண்ணப்பம் அளிக்கப்பட்டது. 1904-ஆம் ஆண்டு மார்ச் 29-ஆம் நாள் பளிங்குக் கருவிக்கான பட்டயம் போஸின் பெயரால் வழங்கப்பட்டது. அதனைக் கொண்டு பொருளீட்ட அவர் முயலவில்லை. அதனைப் புதுப்பிக்கவும் இல்லை.

போஸ் தம் கருவிகளைத் தொடர்ந்து இயக்கியபோது, அவை களைப்புற்றாற்போல் மந்தமாவதையும், ஓய்வு தந்தால் மீண்டும் திறன் பெறுவதையும் கண்டார். உயிரற்ற உலோகத்திற்கும் உயிருள்ள தசைக்கும் ஒப்புமை உண்டோ என்னும் வினா அவர் உள்ளத்தில் எழுந்தது. அவ்வினாவே அவரைச் செடிகொடிகளின் ஆராய்ச்சிக்கு அழைத்துச் சென்றது. செடியின் வளர்ச்சியைப் பதினாயிரம் மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராப் என்னும் கருவியை அவர் அமைத்தார். அவருடைய முடிபுகளுள் சிலவற்றை அக்கால அறிஞர்கள் ஏற்க மறுத்தனர். ஆயினும், செடிகளின் உடலில் மின்குறிகள் செல்கின்றன என்பதைப் பிற்கால ஆராய்ச்சிகள் உறுதிசெய்துள்ளன.

1917-ஆம் ஆண்டு அவருக்கு சர் பட்டம் வழங்கப்பட்டது. அவ்வாண்டு தம் பிறந்தநாளன்று கல்கத்தாவில் போஸ் ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கி, அதனை நாட்டிற்கு அளித்தார். தமக்குக் கிடைக்காத ஆராய்ச்சிக்கூடம் தமக்குப் பின் வரும் இளைஞர்க்குக் கிடைத்தல் வேண்டும் என்பதே அவர் விருப்பம். 1920-ஆம் ஆண்டு லண்டன் ராயல் கழகம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது.

1937-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் மார்க்கோனி காலமானார். வானொலி நிலையங்கள் இரண்டு நிமிடம் ஒலியடங்கி அவருக்கு அஞ்சலி செலுத்தின. அவ்வாண்டு நவம்பர் 23-ஆம் நாள் போஸ் கிரிதி என்னும் ஊரில் இயற்கை எய்தினார். நீண்ட அலையின் வழிச் சென்றவரும் குற்றலையின் வழிச் சென்றவரும் ஓராண்டிலேயே மறைந்தனர்.

நூறாண்டு கழித்து வந்த தேவை

போஸ் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின் கைப்பேசி தோன்றியது. தொடக்கத்தில் மக்கள் அதன்வழிப் பேசினர். பின்னர் எழுத்துச் செய்தி அனுப்பினர். பின்னர்ப் படங்களும், இயங்கும் காட்சிகளும் அதன்வழி ஓடலாயின. அலைகளின் சுமை நாளுக்குநாள் பெருகியது. அப்போதுதான் அலைக்கு இருவேறு ஆற்றல்கள் உண்டு என்பது அனைவர்க்கும் நன்கு விளங்கியது. ஒன்று எட்டும் தொலைவு. மற்றொன்று ஏற்கும் சுமை.

ஒரு செய்தி அலையில் ஏறிச் செல்வதற்கு ஓர் அதிர்வெண் மட்டும் போதாது. அதனை ஒட்டிய ஓர் அகலமும் வேண்டும். பேச்சிற்குச் சிறிய அகலம் போதும். இயங்கும் காட்சிகளுக்குப் பேரகலம் வேண்டும். வண்டிகள் மிகுந்தால் சாலை அகலமாதல் வேண்டும் அன்றோ? தாழ்ந்த அதிர்வெண்களில் இடம் குறைவு. அக்குறுகிய இடத்தையும் வானொலி, தொலைக்காட்சி, கப்பல், வானூர்தி ஆகிய பலவும் பங்கிட்டுக் கொண்டுள்ளன. உயர்ந்த அதிர்வெண்களிலோ பரந்த வெளி உண்டு.

இதற்கு 2022-ஆம் ஆண்டு இந்திய அரசாங்கம் நடத்திய அலைக்கற்றை ஏலம் தக்க சான்று. அவ்வேலத்தில் தாழ்ந்ததும், இடைப்பட்டதும், மிக உயர்ந்ததும் ஆகிய பல பட்டைகள் வைக்கப்பட்டன. பத்து லட்சம் ஹெர்ட்ஸ் ஒரு மெகாஹெர்ட்ஸ் ஆகும். 700 மெகாஹெர்ட்ஸ் பட்டையின் அலை ஏறத்தாழ ஒரு முழ நீளமுடையது. அது மரங்களையும் சுவர்களையும் ஓரளவு கடந்து, வீட்டினுள்ளும் சென்று எட்டும். சிற்றூர்கள் பலவற்றை ஒரே கோபுரத்தால் இணைப்பதற்கு அது ஏற்றது. ஆனால் செல்வழி, வருவழி இரண்டிற்குமாக அப்பட்டையின் முழு அகலமும் 90 மெகாஹெர்ட்ஸே. மேலும், ஒரு கோபுரத்தின் எல்லைக்குள் இருக்கும் அத்தனை பேரும் அச்சிறு அகலத்தையே பகிர்ந்துகொள்ளல் வேண்டும்.

26 கிகாஹெர்ட்ஸ் பட்டையின் அலையோ ஒரு சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும். அப்பட்டை 24.25 முதல் 27.5 கிகாஹெர்ட்ஸ் வரை பரந்தது. அதன் அகலம் 3,250 மெகாஹெர்ட்ஸ். அதாவது முன்னதைப்போல் ஏறத்தாழ 36 மடங்கு. ஆயினும் அவ்வலையைச் சுவர் பெரிதும் தடுத்துவிடும். மரத்தின் தழையும் அதனை வலுவிழக்கச் செய்யும். நகர மண்டபத்தில் சுவர் கடந்து சென்ற அலைகள் மணியை ஒலிக்கச் செய்தன என்றால், ஒரு மணியை ஒலிக்கச் செய்ய எஞ்சிய சிறு பங்கே போதுமானது. பேச்சும் படமும் இடையறாது செல்வதற்கு அது போதாது. எனவே, இத்தகைய அலைகளைப் பயன்படுத்த வேண்டின், சிறு சிறு நிலையங்களை நெருக்கமாக அமைத்தல் வேண்டும். தொலைவு செல்லாமை ஒருவகையில் நன்மையாகவும் அமைகிறது. ஒரு தெருவில் பயன்பட்ட அதே அதிர்வெண்ணைச் சற்றுத் தள்ளியுள்ள மற்றொரு தெருவிலும் இடையூறின்றிப் பயன்படுத்தலாம். புகைவண்டி நிலையம், விளையாட்டரங்கு முதலான மக்கள் திரளும் இடங்களுக்கு இது பொருந்தும்.

இவ்விரண்டிற்கும் நடுவே 1,800, 2,300, 3,300 மெகாஹெர்ட்ஸ் முதலிய பட்டைகள் உள்ளன. அவை தொலைவும் ஓரளவு செல்லும். சுமையும் ஓரளவு தாங்கும். நகரங்களுக்கு அவை இன்றியமையாதவை. 2022-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் முதல் நாள் இந்தியாவில் ஐந்தாம் தலைமுறைக் கைப்பேசிப் பணி தொடங்கியது. ஒரே வகை அலையால் நாடு முழுவதற்கும் பணிபுரிய இயலாது. பரந்த வயல்வெளிக்கு நீண்ட அலையும், நெருங்கிய நகருக்கு இடைப்பட்ட அலையும், மக்கள் திரளுக்குக் குற்றலையும் எனப் பகுத்தளித்தலே இதன் முறை.

போஸ் தம் மேசைமேல் ஆராய்ந்த 60 கிகாஹெர்ட்ஸ் அலையும் இன்று பயனற்றதாய் இல்லை. காற்று அதனை உறிஞ்சிவிடுவதால், ஓர் அறையின் அலை அடுத்த இடத்து அலையோடு மோதுவதில்லை. ஓர் அறைக்குள்ளேயே பெருமளவு செய்திகளைக் கம்பியின்றி அனுப்புவதற்கு அது பயன்படுத்தப்படுகிறது. அவர் அமைத்த குழாயும் கூம்பு வாயும் நுண்ணலைக் கருவிகளின் உறுப்புகளாக உலகெங்கும் விளங்குகின்றன. 2012-ஆம் ஆண்டு, மின்னியல் மின்னணுவியல் பொறியாளர்களின் உலகக் கழகம், போஸ் கல்கத்தாவில் நிகழ்த்திய மில்லிமீட்டர் அலைச் சோதனைகளைப் பொறியியல் வரலாற்றின் மைல்கற்களுள் ஒன்றாக அறிவித்துச் சிறப்பித்தது.

முடிவுரை

பயன் உடனே தோன்றாத அறிவை வீண் என்று தள்ளுவோர் பலர். கடல் கடக்கும் அலையே பெரிதென்று உலகம் கருதிய நாளில், ஒரு மேசையின் எல்லைக்குள் அடங்கும் அலையை ஆராய்வதால் யாது பயன் என்று எவரேனும் வினவியிருந்தால், போஸால் அன்று பயனைச் சுட்டிக் காட்டியிருக்க இயலாது. உண்மையை அறிதல் ஒன்றே அவருக்குப் போதுமானதாய் இருந்தது. குறைந்த சம்பளத்தை ஏற்க மறுத்த அதே உறுதி, இடமும் பொருளும் இல்லாத நிலையிலும் அவரைத் தளரவிடாது காத்தது. நீண்ட அலைக்கு உரிய பணி ஒன்று. குற்றலைக்கு உரிய பணி மற்றொன்று. அவ்வாறே, தம் காலத்தில் பயன்தரும் அறிவைத் தேடுவோரும் வேண்டும்; வருங்காலத்திற்கு உதவும் அறிவைப் பொறுமையோடு சேர்த்து வைப்போரும் வேண்டும். ஜகதீச சந்திர போஸ் இரண்டாம் பணியைத் தமதாக ஏற்றுக்கொண்ட பெருமகனார் ஆவார்.